நாலு பக்கத்துச் சம்மதம்

அக்காவை நான் முதன்முதலில் பார்த்தது ரங்கூனின் தாகேதாவில், உச்சி வெயிலில், யாரோ ஒருவர் வீட்டு வாசலில். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள் நின்றிருந்தார். அந்த ஆளின் வாயோரம் எச்சில் ஒழுகியது. அக்கா தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்துவிட்டு, வீட்டுக்காரப் பெண்ணிடம் பர்மிய மொழியில் பேசினார்.

"அடுத்த மாசம் அந்தக் காலி வீட்டுக்குக் குடிவர்றோம். நானும் ஆறு பேரும். எல்லாரும் மனநல ஆஸ்பத்திரியில இருந்தவங்க. இவரு சில நேரம் சத்தம் போடுவாரு, அடிக்க மாட்டாரு. எச்சில் வடியிறது மருந்தால. வேற எதுனா கேக்கணும்னா இப்பவே கேட்டுக்குங்க."

அந்தப் பெண் கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றாள். "இதையெல்லாம் என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

"பக்கத்துல இருக்கப் போறது நீங்கதானே."

கதவு சாத்தப்பட்டது. அக்கா அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் அதே பேச்சு, அதே வரிசையில். நான் அவரைத் தேடித்தான் அலோனிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தேன். பேச இடமே கிடைக்கவில்லை. தெரு முடியும்வரை பின்னாலேயே நடந்தேன். கடைசி வீடும் முடிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். நெடுநெடுவென்ற உருவம், கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு வியர்வையில் கரைந்திருந்தது.

"நீ யாரும்மா, இந்தத் தெருவா?"

"இல்லக்கா. என் தம்பிக்காக வந்தேன்."

அது தொண்ணூறுகளின் நடுவில். அம்மா இறந்த பிறகு தம்பி தர்மு என்னிடம் வந்து சேர்ந்திருந்தான். இருபது வயது. பேச்சு நாலைந்து வார்த்தைதான். அவ்வப்போது வலிப்பு வரும். என் கணவர் துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்தார். நாங்கள் இருந்தது ஒற்றை அறை வீடு. மாமனார், மாமியார், கைக்குழந்தை எல்லோரும் அதற்குள்தான். தர்முவுக்கு அங்கே படுக்கக்கூட இடமில்லை. கோயிலில் பார்த்த ஓர் அம்மாள்தான் அக்காவைப் பற்றிச் சொன்னார்.

அக்கா மனநல ஆஸ்பத்திரியில் பல காலம் ஆயாவாக இருந்தவர். குணமான பிறகும் கூட்டிப்போக ஆள் வராமல் அங்கேயே கிடந்தவர்களை அவருக்குத் தெரியும். வேலையை விட்டபோது டாக்டர்களிடம் பேசி ஆறு பேரைத் தன்னோடு அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பழைய பேப்பரில் பை ஒட்டிக் கடைகளுக்குக் கொடுத்தார்கள். போட்டாதாங்கில் கடை வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம் வியாபாரி அரிசி அனுப்புவார். அப்படித்தான் அந்த வீடு ஓடியது.

தர்முவைச் சேர்க்கப் போன அன்று அக்கா கேள்விமேல் கேள்வி கேட்டார். படுக்கையில் மூத்திரம் போவானா, வலிப்பு எப்போது வரும், தீயைக் கண்டால் பயப்படுவானா. கடைசியாக, "யாரையாவது அடிச்சிருக்கானா?" என்றார்.

"இல்லக்கா."

அவர் என் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். "ஒருதடவைகூட?"

ஒருமுறை மாமியார் அவன் தட்டை எடுத்தபோது தள்ளிவிட்டிருந்தான். அவர் சுவரில் மோதிக்கொண்டார். அதைச் சொன்னேன். அக்கா தலையாட்டினார். மறுநாள் அவனைக் கூட்டிக்கொண்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய், "இவன் புதுசா வந்திருக்கான். சாப்பாட்டுத் தட்டை எடுத்தா தள்ளுவான். அப்ப மட்டும் கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டார். கேள்விப்பட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் தம்பியை ஊர் நடுவில் துணியில்லாமல் நிறுத்தியதுபோல் இருந்தது.

"எல்லாத்தையும் சொல்லணுமாக்கா?" என்று கேட்டேன்.

"மறைச்சு வச்சா, நாளைக்கு அவன் தும்மினாகூட பயப்படுவாங்க. தெரிஞ்சுட்டா எதுக்குப் பயப்படணும், எதுக்குப் பயப்பட வேணாம்னு அவங்களுக்கே தெரிஞ்சுடும்."

இதை நம்பித்தான் அவர் வாழ்ந்தார். வீட்டுச் சொந்தக்காரர் ஒரு வயதான பர்மியர், ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர், நல்ல மனுஷர். வீட்டைக் கொடுக்கும்போதே, பர்மிய வழக்கப்படி அக்கா முறை வைத்து 'அமா' என்று அழைத்துப் புத்தி சொன்னார்.

"அமா, இதெல்லாம் எதுக்கு? உங்க அண்ணன் பிள்ளைங்க, அக்கா பிள்ளைங்கன்னு சொல்லிடுங்க. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"ஒரு பொய்யைச் சொன்னா வீட்டுல இருக்கிற எல்லாரும் சேர்ந்து காப்பாத்தணும், ஐயா. இவங்களால அது முடியாது."

எங்கள் ஊரில் குடும்ப அட்டையில் பெயரில்லாத யார் ஒரு வீட்டில் இரவு தங்கினாலும் வார்டு ஆபீசில் பதிய வேண்டும். அக்கா வீட்டில் இருந்தவர்கள் எல்லோருமே அந்தக் கணக்கில் விருந்தாளிகள். வருடக்கணக்காகத் தங்கிய விருந்தாளிகள். அதனால் வாராவாரம் அவர்களைக் குளிப்பாட்டி, தலைவாரி, தனாக்கா பூசி, வார்டு ஆபீசுக்கு நடத்திக் கூட்டிப்போவார். மழையில் ஒருவர் குடையை ஒருவர் பிடித்துக்கொண்டு போவார்கள். நானும் ஒருதடவை கூடப் போனேன்.

குமாஸ்தாவுக்கு எரிச்சல். "நீங்க ஒருத்தர் வந்து சொன்னா போதாதா அமா? ஊர்வலம் எதுக்கு?"

"பேரை மட்டும் எழுதினா நாளைக்கு யாரோன்னு நினைப்பீங்க சயா. ஆளைப் பாத்து எழுதுங்க" என்றார் அக்கா. அங்கே சயா என்றால் ஐயா.

அந்த ஆள் முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுதினார். ஆனால் ஓரிரு வருடம் போனதும், தர்முவைக் காணோம் என்றால் "அந்த உயரமான பையன் எங்கே?" என்று அவரே கேட்கும்படி ஆயிற்று. தெருவும் பழகிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் டோ மியா காலையில் மொஹிங்கா விற்பவர். விற்றது போக மிஞ்சும் நூடுல்சையும் மீன் குழம்பையும் சட்டியோடு கொண்டுவந்து கொடுப்பார். சத்தம் போடுகிறவர் சத்தம் போட்டால், "இன்னைக்கு மழை வரும்" என்று சிரிப்பார். என் தம்பி முகம் தெளிந்திருந்தது. என்னைக் கண்டதும் ஓடிவந்து என் பையைப் பிடுங்கி ஆரஞ்சுப் பழத்தைத் தேடுவான். அந்த ஏழெட்டு வருடங்கள் நன்றாகத்தான் போயின.

பிறகு இடதுபக்கத்து வீட்டுக்கு ஓர் இளம் தம்பதி குடிவந்தார்கள். கைக்குழந்தை இருந்தது. அக்கா வழக்கம்போல் எல்லோரையும் காட்டிச் சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

தர்முவுக்குத் தொட்டில் பிடிக்கும். என்னிடம் இருந்தபோது என் குழந்தையின் தொட்டிலையும் மணிக்கணக்காக ஆட்டுவான். ஒருநாள் முற்பகலில் அந்த வீட்டுக் கதவு திறந்திருந்தது. தாய் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். திரும்பி உள்ளே வந்தபோது தர்மு தொட்டிலருகே நின்று ஆட்டிக்கொண்டிருந்தான். அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. குழந்தைக்கு ஒன்றுமில்லை. தூங்கிக்கொண்டிருந்தது, கூச்சலில்தான் விழித்து அழுதது.

இரண்டு நாளில் தெருவில் முக்கால்வாசிப் பேர் கையெழுத்துப் போட்ட மனு வார்டு ஆபீசுக்குப் போனது. வார்டு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். எனக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். கடுமையாகப் பேசுகிறவர் இல்லை. மெதுவாக, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வதுபோல் விதிகளைச் சொன்னார். குடியிருக்கும் தெருவில் இப்படி ஓர் இல்லம் நடத்தக் கூடாது. பள்ளிக்கூடம், பௌத்த மடம், சந்தை இவற்றுக்கு அருகில் கூடவே கூடாது. நடத்தத்தான் வேண்டுமென்றால் நாலு பக்கத்து வீட்டாரும் சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பக்கம் குறைந்தாலும், ஊருக்கு வெளியே வீடுகள் இல்லாத இடமாகப் பார்த்துப் போக வேண்டும்.

"ஒரே அடுப்புலதான் சமைக்கிறோம் சயா" என்றார் அக்கா. "ஒரே பாயில உக்காந்துதான் சாப்பிடுறோம். இது வீடு இல்லையா?"

"ரத்த சொந்தம் உண்டா?"

"இல்ல."

"அப்ப இது குடும்பம் கிடையாதும்மா, இல்லம். அதுக்கு விதி வேற."

வார்டுத் தலைவர் அக்காவைக் காப்பாற்றத்தான் பார்த்தார் என்று இன்றும் நினைக்கிறேன். தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "அமா, அந்தப் பையன் குழந்தையைத் தொடவே இல்ல, அப்படித்தானே?"

ஆம் என்று சொன்னால் போதும். கூட்டம் பாதி அடங்கியிருக்கும். மண்டபத்தில் எல்லோரும் அக்காவின் வாயைப் பார்த்தார்கள். தர்மு அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய குடைக் காம்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நான் பாக்கல சயா. பின்னால அடுப்புல இருந்தேன்."

குழந்தையின் தகப்பன் எழுந்தான். "கேட்டீங்களா? அவங்களாலயே உறுதியாச் சொல்ல முடியல."

அதற்குப் பிறகு யாரும் யார் பேச்சையும் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் என்னால் அடக்க முடியவில்லை.

"தொடலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"தொட்டானா இல்லையான்னு எனக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரியும். அவன் ஒண்ணும் செய்ய மாட்டான்."

"நீயும் அங்க இல்லையேம்மா" என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் என்னை இன்னும் சுட்டது.

நாலு பக்கத்துச் சம்மதம் வாங்க அவர் அலைந்தார். வலதுபக்கத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். பின்பக்கத்துத் தையல்காரர் யோசித்து யோசித்துக் கடைசியில் போட்டார். இடதுபக்கத்துத் தம்பதி கதவையே திறக்கவில்லை. அக்கா அவர்கள் வாசலில் வெகுநேரம் நின்றதாக அப்புறம் சொன்னார்கள். ஆனால் அவரை உடைத்தது எதிர்வீடு. டோ மியா அவரை உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"இவங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல அமா. ஆனா நீங்க போனாலும் நான் இந்தத் தெருவுலதான் விக்கணும். தெருக்காரங்கதான் என்கிட்ட வாங்கணும்."

அக்கா அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "அவங்க உள்ளதைத்தான் சொன்னாங்க. நான் என்ன சொல்ல முடியும்" என்றார்.

தெற்குத் தகோனையும் தாண்டி, வயல் நடுவே ஒரு துண்டு நிலம் கிடைத்தது. மூங்கில் சுவர், ஓலைக் கூரை. விதி கேட்டதெல்லாம் அங்கே இருந்தது. பள்ளிக்கூடம் இல்லை, மடம் இல்லை, சந்தை இல்லை. நாலு பக்கமும் நெல்லும் சேறும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து வெகுதூரம் வரப்பில் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போவேன். முதல் தடவை போனபோது அக்கா கூரைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க யார்கிட்டயும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை" என்று சிரித்தார். "சொல்லலாம்னு தேடினேன். நாரைதான் இருக்கு."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சத்தம் போடுகிறவர் அங்கே வந்த பிறகு சத்தம் போடுவதை நிறுத்திவிட்டிருந்தார். நாளெல்லாம் வாசலில் குந்தி, சாலை இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். தர்மு மட்டும் எப்போதும்போல் என் பையைப் பிடுங்கினான்.

வந்து மூன்றாவதோ நாலாவதோ மழைக்காலம். ஒருநாள் மதியம் அலோனில் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா வருவது தெரிந்தது. லுங்கி முழங்கால்வரை சேறாகிக் காய்ந்திருந்தது. உட்காரச் சொன்னேன்.

"உக்கார மாட்டேன். முதல்ல கேட்டுக்க. தர்மு செத்துட்டான். நேத்துப் பகல்ல. பாம்பு கடிச்சு."

அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மிச்சத்தைச் சொல்ல முடியாது என்று பயந்தாரோ என்னவோ.

"விறகு நனைஞ்சு போச்சு. வரப்போரம் சுள்ளி கிடந்துச்சு, எடுத்துட்டு வாடான்னு நான்தான் அனுப்பினேன். அந்தப் பக்கம் விரியன் இருக்குன்னு எனக்குத் தெரியும். முந்தின வாரம் ஒண்ணைப் பாத்தேன். அப்படியும் அனுப்பினேன். கடிச்சதும் கத்தத் தெரியல அவனுக்கு. சுள்ளியோட வந்து நின்னான். காலைப் பாத்துத்தான் தெரிஞ்சுது. தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடினேன். வண்டி இல்ல. கத்தினேன், கேக்க ஆள் இல்ல. ஒரு மாட்டுவண்டிக்காரன் வந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள மூக்குல ரத்தம் வந்துருச்சு."

என் மாமியார் உள்ளிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அழவில்லை. வேறு ஒன்றுதான் வாயில் வந்தது.

"தாகேதாவுல இருந்திருந்தா சைக்கா ரிக்ஷாவுல வச்சே கொண்டுபோயிருக்கலாம். அன்னைக்கு மண்டபத்துல ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, இன்னைக்கு அவன் இருந்திருப்பான்."

அக்கா தலையைக் குனியவில்லை. என்னை நேராகப் பார்த்தார்.

"பஸ்ஸுல வரும்போது பூரா அதைத்தான் நினைச்சுக்கிட்டு வந்தேன்" என்றார்.

தகனத்துக்கு எல்லோரையும் கூட்டிவந்திருந்தார். புதுச்சட்டை போட்டிருந்தார்கள். எச்சில் வடியும் அந்தப் பெரியவர் என் பையைத் தொட்டுப் பார்த்தார். நான் ஆரஞ்சு எதுவும் கொண்டுவரவில்லை. அக்காவோடு நான் பேசவில்லை. அவரும் பேச முயலவில்லை. மறுவாரம் அவர் தாகேதாத் தெருவுக்குப் போய், குழந்தை வைத்திருந்த அந்தத் தம்பதி வீடு உட்பட ஒவ்வொரு வாசலிலும் நின்று, தர்மு இறந்துபோனதைச் சொல்லிவிட்டு வந்தார் என்று பிறகு டோ மியா மூலம் கேள்விப்பட்டேன். குற்றம் சொல்லவில்லையாம். இன்ன இடத்தில், இன்ன விதமாக என்று மட்டும் சொன்னாராம். அந்தக் குழந்தையின் தாய் மறுநாள் வரை சாப்பிடவில்லையாம். இதைக் கேட்டபோது எனக்கு ஆறுதலாக இருந்ததா, பயமாக இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

பல மாதங்கள் நான் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு இரண்டாயிரத்தெட்டில் அந்தப் பெரிய புயல் வந்தது. ரங்கூனில் மரங்களெல்லாம் வேரோடு சாய்ந்து, தெருக்கள் அடைபட்டுக் கிடந்தன. பாதை திறந்த அன்றே நான் வயலுக்குப் போனேன். வீடு இருந்த இடத்தில் நாலு கம்பம் மட்டும் நின்றது. அடுத்த கிராமத்தில் விசாரித்தபோது, காற்று ஏறுமுன்பே அந்த அம்மாள் எல்லோரையும் கயிற்றில் கோத்துக் கட்டி நடத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆறு பேரும் பிழைத்தார்கள். அப்புறம் எங்கே போனார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, போட்டாதாங் அரிசிக் கடைக்காரர் மூலம் புது விலாசம் கிடைத்தது. நகரத்தின் வேறொரு மூலை, நெருக்கமான தெரு, மாடி வீடு. எந்தப் பேட்டை என்று எழுதப் போவதில்லை. அக்காவின் பெயரையும் அதனால்தான் எழுதவில்லை.

கதவைத் தட்டியதும் உள்ளே பேச்சு நின்றது. வெகுநேரம் கழித்து ஒரு விரல் இடைவெளி திறந்தது. என்னைப் பார்த்ததும் அக்கா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு தாழ் போட்டார். ஜன்னல்களில் கனமான திரை. மின்விசிறி இல்லை. எல்லோரும் சுவரோரம் பை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் முடி முழுக்க நரைத்துவிட்டிருந்தது. தனாக்கா பூசவில்லை.

நான் கேட்காமலே சொன்னார். "புயலுக்கப்புறம் குடும்ப அட்டை தொலைஞ்சவங்களுக்கெல்லாம் புதுசா எழுதினாங்க. ஒவ்வொருத்தரையா காட்டி, உறவு என்னன்னு குமாஸ்தா கேட்டாரு. தம்பின்னேன். அடுத்தவரை, அண்ணன்னேன். அப்புறம் தங்கச்சி, தங்கச்சி, சித்தப்பா மகன், தம்பி. அவரு நிமிர்ந்துகூடப் பாக்கல. எழுதிக் கொடுத்துட்டாரு. அவ்வளவுதான். இப்ப நாங்க குடும்பம். யாரு கையெழுத்தும் வேணாம்."

"நல்லதுதானேக்கா."

"நல்லதுதான்" என்றார். ஒரு பையை எடுத்து ஓரத்தை நகத்தால் அழுத்தினார். "ஆனா இவங்களை வெளிய விட முடியல. யாராவது கேட்டா உள்ளதைச் சொல்லிடுவாங்க. நான்தான் அப்படிப் பழக்கிட்டேன்."

பேசிக்கொண்டிருக்கும்போது பெரியவர் பழைய வழக்கப்படி சத்தம் போட ஆரம்பித்தார். அக்கா பாய்ந்து போய் அவர் வாயைப் பொத்தினார். முரட்டுத்தனமாக இல்லை. ஆனால் கையை எடுக்கவும் இல்லை. அவர் அடங்கும்வரை அக்காவின் கண் கதவிலேயே இருந்தது. தர்மு அங்கே இருந்திருந்தால் அவனுக்கும் அதுதான் நடந்திருக்கும். இருந்தாலும், அவன் உயிரோடு இருந்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

கிளம்பும்போது கீழே வரை வந்து வழியனுப்பவில்லை. படிக்கட்டு காலியாக இருக்கிறதா என்று எட்டிப்பார்த்துவிட்டு என்னை அனுப்பினார்.

கீழ்வீட்டு வாசலில் ஒரு பர்மியப் பெண் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "மாடிக்கு வந்தவங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"உங்க சொந்தமா?"

"சொந்தம்தான்."

அவள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "தப்பா நினைக்காதீங்க, சொல்றேன். குடிவந்து ஒரு வருஷமாச்சு. அந்தம்மா இந்தத் தெருவுல ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. எதிர்ல பாத்தாலும் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறாங்க. ரொம்ப கர்வம்."